எனக்கென்று ஒரு தோசைக்கல்!



மாமனாருக்கு உப்பு குறைத்து, பிள்ளைக்குக் காரம் குறைத்து, ஷிப்டுக்குப் போகும் கணவருக்கு டப்பாவில் சப்பாத்தி கட்டி, ஆளுக்கொரு விதமாகச் சமைக்கிறோம். யாரும் அதை அதிகம் என்று சொல்வதில்லை. ஆனால், நோய் குடும்பத் தலைவிக்கு வந்து, அவளுக்கென்று தனியாக ஒன்று வேண்டும் என்றால் மட்டும் அது அதிகப்படியாகத் தெரிகிறது. இது என்ன நியாயம்?

எனக்கு வந்திருப்பது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால், நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கிவிடும். சாப்பிட்ட சத்து உடம்பில் ஒட்டாது. ஆயுள் முழுக்க அந்தத் தானியங்களை ஒதுக்குவதுதான் வைத்தியம்.

நாலு வருடம் இரும்புச் சத்து மாத்திரை விழுங்கியும் எனக்கு ரத்தம் ஏறவில்லை. போன இடத்தில் எல்லாம், "பொம்பளைன்னா ரத்தம் கம்மியாத்தாம்மா இருக்கும்" என்றார்கள். கடைசியில் ஒரு டாக்டர்தான், ரத்தப் பரிசோதனையும், எண்டோஸ்கோப்பி மூலம் குடலில் சிறு சதை எடுத்துப் பரிசோதனையும் செய்து கண்டுபிடித்தார்.

"அரிசி திங்கிற ஊர்ல இதெல்லாம் வருமா?" என்று கேட்காதவர்கள் இல்லை. 2016ல் வெளியான ஓர் ஆய்வின்படி, வட இந்தியாவில் 100 பேரில் ஒருவருக்கு மேல் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறது. தென்னிந்தியாவில் 1,000 பேரில் ஒருவருக்கு. குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. இப்போது நம் வீடுகளிலும் ராத்திரி ஆனால் சப்பாத்தி, பரோட்டா என்றுதானே ஆகிவிட்டது!

சாப்பாட்டை மாற்றிக்கொள்வது தமிழ்ப் பெண்ணுக்குக் கஷ்டமே இல்லை. இட்லி, தோசை, இடியாப்பம், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் என்று எல்லாம் நம்மிடமே இருக்கிறது. ஒளிந்திருக்கும் கோதுமைதான் தொல்லை. ரவை, சேமியா, மைதா மூன்றும் கோதுமைதான். கடையில் விற்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ, மைதாவோ கலந்திருக்கிறது. அது சாம்பார், ரசம், ஊறுகாய் எல்லாவற்றிலும் போய்விடும். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வாங்கி வரும் ஹார்லிக்ஸ், பிஸ்கட், கால் வீக்கத்துக்குக் கொடுக்கும் பார்லிக் கஞ்சி, எதுவும் ஆகாது. பாக்கெட்டில் பொடி எழுத்தில் வீட், பார்லி, மால்ட், செமோலினா என்று இருந்தால் தொடக்கூடாது.

அடுத்தது மாவு மில். எங்கள் கும்மிடிப்பூண்டியில் சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்யும் வட மாநிலத்தவர் நிறையப் பேர். மில்லில் கோதுமை ஓடிக்கொண்டே இருக்கும். அதே மெஷினில் நம் கேழ்வரகைக் கொட்டினால் கோதுமை மாவும் சேர்ந்துதான் வரும். அதனால் நான் வீட்டிலேயே மிக்சியில் அரைத்துச் சலித்துக்கொள்கிறேன். சப்பாத்தி போட்ட கல்லிலும் எனக்குத் தோசை ஊற்றக்கூடாது. தனிக் கல் வாங்கியதற்கு, "இதெல்லாம் ரொம்ப ஓவர்" என்று உறவில் பேச்சு வந்தது.

விசேஷ வீட்டில் கேசரியை நீட்டி, "ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்?" என்கிறார்கள். அந்த ஒரு வாய் ரவையே குடலைப் புண்ணாக்கப் போதும். ஆசையாகக் கொடுப்பவரிடம் மறுப்பது எனக்கு மட்டும் சந்தோஷமா?

இன்னொன்று. மீந்த சப்பாத்தியையும் உப்புமாவையும் வீணாகிவிடுமே என்று வயிற்றில் போட்டுக்கொள்வதை நாம் சிக்கனம் என்கிறோம். நம் வயிறு என்ன குப்பைத் தொட்டியா?

இதைப் படித்துவிட்டு எல்லோரும் கோதுமையை நிறுத்திவிட வேண்டாம். நோய் இல்லாதவர்களுக்கு அது நல்ல உணவுதான். ஓயாத வயிற்றுப்போக்கு, மாத்திரைக்கும் அடங்காத ரத்த சோகை, வளராத பிள்ளை என்று இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்தினால் நோய் சரியாகத் தெரியாமல் போகும். நோய் உறுதியானால் பிள்ளைகளும் கூடப்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

மாமியார்மார்களே, நாத்தனார்மார்களே! மருமகள் தனிப் பாத்திரம் கேட்டால் பிகு பண்ணுகிறாள் என்று எண்ணாதீர்கள். அது அவளுக்கு மருந்து. சகோதரிகளே, கேட்க நீங்களும் கூச்சப்படாதீர்கள். வீடு முழுவதற்கும் ஆக்கிப் போடுகிறவளுக்கு ஒரு தோசைக்கல் கேட்க உரிமை இல்லையா?

- ஒரு வாசகி, கும்மிடிப்பூண்டி.