உறுப்பினர் நலப் பகுதி: பிரீமியம் கடிதமும் ஊர்ப் பயணமும்

பள்ளிக்கூடம் மூடியதும் ஊருக்குக் கிளம்பும் அன்பர்கள் பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. கார்டு, குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட வேஷ்டி எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்க்கிறார்கள். வாசலில் நிற்கும் தபால் பெட்டியை மட்டும் யாரும் நினைப்பதில்லை. சொந்தமாக மருத்துவ இன்ஷூரன்ஸ் வாங்கியிருப்பவர்களுக்கு வினை அந்தப் பெட்டிக்குள்தான் காத்திருக்கிறது.

கம்பெனி மூலம் இன்ஷூரன்ஸ் உள்ளவர்களுக்குச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். தனிநபர் பாலிசி வாங்குகிறவர்கள் வேறு: சொந்தத் தொழில் செய்வோர், வேலை மாறும் இடைவெளியில் இருப்போர், முக்கியமாகக் கிரீன் கார்டில் வந்து பிள்ளைகளுடன் வாழும் பெற்றோர். இந்நாட்டில் வேலை பார்த்திராத பெற்றோர், 65 வயது தாண்டியிருந்தாலும், 5 ஆண்டுகள் தொடர்ந்து வசித்த பிறகே மெடிகேரில் பணம் கட்டிச் சேர முடியும். அதுவரை அவர்களுக்கு இந்தப் பாலிசிதான் துணை.

ஊரில் எல்.ஐ.சி. பாலிசிக்கு ஆண்டு, அரையாண்டு, காலாண்டுத் தவணை என்றால் 30 நாள் அவகாசம், மாதத் தவணை என்றால் 15 நாள். ஏஜெண்டு வீடு தேடி வந்து நினைவுபடுத்துவதும் உண்டு. இங்கே ஏஜெண்டு வரமாட்டார், கடிதம்தான் வரும். அதுவும் விளம்பரக் கடிதம் போன்ற தோற்றத்தில். "இது பில் அல்ல" என்று தலைப்பிட்ட காகிதங்களைக் கம்பெனிகள் ஓயாமல் அனுப்புவதால், உண்மையான பில்லும் அவற்றோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடுகிறது.

2010-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டப்படி, அரசின் முன்பண வரிச் சலுகையுடன் பாலிசி வைத்திருப்பவர் அந்த ஆண்டில் ஒரு மாதப் பிரீமியமாவது முழுதாகக் கட்டியிருந்தால், தவறிய தவணைக்கு 3 மாத அவகாசம் உண்டு. கெட் கவர்டு நியூ ஜெர்சி, கவர்டு கலிஃபோர்னியா, டெக்சஸில் ஹெல்த்கேர்.கவ், எதில் வாங்கினாலும் இதே விதி. தவணை தவறியதைக் கம்பெனி கடிதம் மூலம் தெரிவிக்கவும் வேண்டும். கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. முள் உள்ளே இருக்கிறது.

எடிசனில் ஒரு வீடு. 67 வயதுப் பெரியவர். மே வரை ஒழுங்காகக் கட்டியாயிற்று. கிரெடிட் கார்டு காலாவதியாகி ஜூன் தவணை போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். குடும்பம் கும்பகோணத்தில். ஜூன் மாதச் செலவைக் கம்பெனி ஏற்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதச் செலவுகளை நிறுத்தி வைக்கலாம். டாக்டருக்கும் அதைத் தெரிவித்துவிடும். ஆகஸ்ட் நடுவில் திரும்புகிறார்கள். 20-ஆம் தேதி பெரியவருக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி. அந்தக் கலவரத்தில் குவிந்து கிடந்த கடிதங்களை யார் பிரிப்பார்கள்? 31-ஆம் தேதிக்குள் மூன்று மாதப் பாக்கியையும் கட்டியிருந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பாலிசி உண்டு. கட்டாவிட்டால் பாலிசி ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்ததாகக் கணக்கு! ஆகஸ்ட் பில் முழுவதும் மகன் தலையில். பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டினால் அவகாசம் நீளும் என்று நினைப்பது தவறு, நீளாது.

அதோடு போகவில்லை. பணம் கட்டாததால் பாலிசி போனவருக்கு நடு ஆண்டில் சேரும் சிறப்புச் சலுகை கிடையாது. வேறு காரணம் ஏதும் அமையாவிட்டால், நவம்பர் 1-இல் தொடங்கும் சேர்க்கைக் காலத்தில் மனுப் போட்டு ஜனவரிக்குக் காத்திருக்க வேண்டியதுதான். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் அதுவரை காத்திருக்குமா?

வரிச் சலுகை இல்லாதவர்களுக்கு மாநிலச் சட்டமே பேசும். நியூ ஜெர்சியில் 31 நாள். கலிஃபோர்னியாவில் நோட்டீஸ் அனுப்பி, குறைந்தது 30 நாள் கழிந்த பிறகே ரத்து செய்யலாம், நல்ல ஏற்பாடு. டெக்சஸ் அன்பர்கள் தங்கள் பாலிசிப் புத்தகத்தில் அவகாசப் பகுதியை ஒரு முறை படித்துவிடுவது நலம். புதிதாகக் கம்பெனி மாற்றியவர்களுக்கு இன்னொன்று: முதல் தவணை கட்டினால்தான் பாலிசியே பிறக்கும். பழைய கம்பெனியில் வைத்திருந்த தானியங்கிப் பட்டுவாடா புதியதற்குத் தானாக வராது.

தபால் நிலையத்தில் கடிதங்களை நிறுத்தி வைக்கச் சொன்னால் அதிகபட்சம் 30 நாள்தான் வைத்திருப்பார்கள். இரண்டு மாதப் பயணம் என்றால் தற்காலிக முகவரி மாற்றம் கொடுத்து, நம்பிக்கையான நண்பர் வீட்டுக்குத் திருப்பிவிடலாம். கார்டு காலாவதியாகும் மாதத்தையும் பார்த்துவைக்க வேண்டும். பாலிசி அப்பா பெயரில் இருந்தால், மகன் போன் செய்தாலும் கம்பெனியார் விவரம் சொல்லமாட்டார்கள். அப்பா கையெழுத்திட்ட அனுமதிப் படிவத்தை விமானம் ஏறுமுன்பே அனுப்பிவிட்டால், கும்பகோணத்திலிருந்தும் மகன் பேச முடியும்.