92 சுற்று

போன வாரம் காலை நடையில் ஒரு நண்பர் நிறுத்திக் கேட்டார். "என்ன சார், அந்தப் பன்னிரண்டு மணி நேர ஓட்டத்தைப் பாதியிலேயே விட்டுட்டீங்களாமே?"

"பாதியில விடலை சார். 92 சுற்று ஓடினேன்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் சமாளிக்கிறேன் என்று நினைத்திருப்பார். நடைபாதையில் நின்று விளக்குகிற விஷயம் இல்லை இது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது என்ன ஓட்டம் என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண மாரத்தானில் தூரம் முடிவாகி இருக்கும், 42.195 கிலோமீட்டர். எவ்வளவு நேரத்தில் கடக்கிறோம் என்பதுதான் போட்டி. இதில் அப்படியே தலைகீழ். 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று நேரம் முடிவாகி இருக்கும். அதற்குள் எவ்வளவு தூரம் போகிறோம் என்பது கணக்கு. பெரும்பாலும் 400 மீட்டர் மைதானத்திலேயே சுற்றிச் சுற்றி வர வேண்டும். ஓடலாம், நடக்கலாம், உட்காரலாம், போய்த் தூங்கிவிட்டும் வரலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. மாரத்தான் தூரத்தைத் தாண்டிவிட்டால் அல்ட்ரா மாரத்தான் ஓடியவர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நம் ஊரில் இதெல்லாம் யார் செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள். 2022 ஜூலையில் பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் ஆசிய, ஓசியானியா நாடுகளுக்கான 24 மணி நேரப் போட்டி நடந்தது. நம் நாட்டு அமர் சிங் தேவாண்டா 257.618 கிலோமீட்டர் ஓடி முதலாவதாக வந்தார். 400 மீட்டர் என்று வைத்தால் 640 சுற்றுக்கும் மேல். அதே ஆண்டு இத்தாலியின் வெரோனா நகரில் லிதுவேனியாக்காரர் அலெக்சாண்டர் சொரோகின் 24 மணி நேரத்தில் 319.614 கிலோமீட்டர் ஓடினார். சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் எனக்கும் ஆசை வந்தது. வயது 68. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபவுண்டரியில் ஃபர்னஸ் பக்கம் 34 வருடம் வேலை பார்த்த உடம்பு. வெயில் நம்மை என்ன செய்துவிடும் என்ற திமிர் இருந்தது. மார்ச் கடைசி ஞாயிறு, நம் மேற்குப் பக்கத்திலேயே ஒரு மைதானம். இரவில் விளக்கு வசதி இல்லை என்பதால் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை என்று வைத்திருந்தார்கள். அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பணம் கட்டிவிட்டேன்.

முதல் நான்கு மணி நேரம் சொர்க்கம். ஒரு நிமிடம் மெல்ல ஓட்டம், ஒரு நிமிடம் நடை. பத்து மணிக்கு 60 சுற்று, அதாவது 24 கிலோமீட்டர். என் மனைவி வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றுக்கு ஒரு தடவை அவளைக் கடந்து போவேன். ஒரு சுற்றில் தண்ணீர், ஒரு சுற்றில் உப்புப் போட்ட மோர், ஒரு சுற்றில் வெறும் முறைப்பு.

பத்து மணிக்கு மேல் கதை மாறியது. சென்னை வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு அது காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். உப்பும் தண்ணீரும் போவதுதான் மிச்சம். மெரினாவில் கடற்காற்று மதியமே எட்டிப் பார்த்துவிடும். அது அம்பத்தூர், ஆவடி வரை வந்து சேர மூன்று மணியோ நான்கு மணியோ ஆகும். அதுவரை நாம் அடுப்பில்தான். முழுக்க நடையாகவே மாற்றிக்கொண்டேன். மதியம் ஒன்றரை மணிக்கு 92-ஆவது சுற்று முடிந்தது. இன்னும் 14 சுற்று போனால் 42.4 கிலோமீட்டர், அல்ட்ரா. கையில் நாலரை மணி நேரம் இருக்கிறது. தவழ்ந்தால்கூட முடித்துவிடலாம்.

அந்தச் சுற்றில் மனைவி எழுந்து வந்து கேட்டாளாம்: "ஏங்க, காலைல பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

நான் சொன்ன பதில்: "ஃபர்னஸை அணைச்சாச்சா?"

சொன்னது எனக்கு நினைவில்லை. அவள் சொல்லித்தான் தெரியும். நான் ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது.

அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள். சத்தம் கேட்டு டாக்டர் ஓடி வந்தார். சட்டையைக் கழற்றித் தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்றினார்கள். கழுத்தில், அக்குளில் ஈரத் துண்டு, விசிறி. ஐஸ் பன்னிரண்டு மணிக்கே தீர்ந்துபோயிருந்தது. பக்கத்து ஜூஸ் கடையிலிருந்து யாரோ ஒரு பையன் வாங்கி வந்தான். அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டேன். டாக்டர் சின்ன வயசுப் பெண். "அங்கிள், இன்னைக்கு இதோட போதும். ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்துல உப்பு எவ்வளவு இருக்குன்னு பார்த்துடலாம்" என்றார். போய்ப் பார்த்தோம். கொஞ்சம் குறைவு, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள்.

பையை எடுக்க மைதானத்துக்குத் திரும்பியபோது மணி நாலரை. கடற்காற்று வந்திருந்தது. உடம்பு லேசாக, தெம்பாக இருந்தது. மீதி 90 நிமிடம், மீதி 14 சுற்று. ஒரு சுற்றுக்கு ஆறு நிமிடம் வைத்தால் 84 நிமிடம். ஃபர்னஸ் கேள்வி கேட்ட மண்டை இந்தக் கணக்கை மட்டும் கச்சிதமாகப் போட்டது. ஷூ காலிலேயே இருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. மனைவி பையில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது எனக்கு ஞாபகம் வந்தது அந்த சைக்கிள்காரர்.

என் வயதுக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். 1969 வாக்கில், எனக்குப் பன்னிரண்டு வயது. கொரட்டூர்ப் பக்கம் ஒரு திடலில் ஏழு நாள் இறங்காமல் சைக்கிள் ஓட்டுகிறார் என்று நோட்டீஸ் வந்தது. கம்பம் நட்டு, டியூப் லைட் கட்டி, ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு. சின்ன வட்டம்தான், அதிலேயே சுற்றிச் சுற்றி வருவார். சாப்பாடு, குளியல், ஷேவிங் எல்லாம் சைக்கிளில்தான். சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். அப்பா டி.ஐ. சைக்கிள்ஸில் வேலை. அம்பத்தூரில் 1949-இல் வந்த தொழிற்சாலை அது. "நாங்க பண்ணின சைக்கிள்டா அது" என்று பெருமையாகக் கூட்டிப் போவார்.

நான்காம் நாள் உச்சி வெயிலில் போனோம். அந்த ஆளின் கண் எங்கேயோ இருந்தது. சைக்கிள் தானாகப் போகிற மாதிரி இருந்தது. அப்பா மைக்காரரிடம் போய், "இறக்கி விடுங்கய்யா, ஆள் சரியில்லை" என்றார். கூட்டம் அப்பாவைத் திட்டியது. "ஏழு நாள்னு சொல்லித்தானே காசு வாங்கினான்?" அன்று சாயங்காலம் அவர் விழுந்துவிட்டார் என்றும் ஜட்கா வண்டியில் ஏற்றிப் போனார்கள் என்றும் மறுநாள் சொன்னார்கள். பிழைத்தாரா என்பதுகூடத் தெரியாது. நோட்டீஸில் போட்டிருந்த பெயரும் மறந்துவிட்டது.

அவர் இறங்கியிருந்தால் மூன்றரை நாளுக்கு மரியாதை கிடைத்திருக்காது. தோற்றவர் என்றே பேசியிருப்பார்கள். நான் ஓடிய ஓட்டத்தில் அந்தக் கொடுமை இல்லை. 92 சுற்றில் உட்கார்ந்தால் 92 சுற்று என் பெயரில் எழுதப்படும். 'முடிக்கவில்லை' என்ற வார்த்தையே பட்டியலில் கிடையாது. இதை நினைத்துக்கொண்டு குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தேன். அவிழ்க்கும்போது அழுகை வந்தது. அதையும் மறைக்கவில்லை.

என் கருத்து இதுதான். வயதானவர்கள் ஓட வேண்டும், நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் சாலை மாரத்தானைவிட இந்தச் சுற்று ஓட்டம்தான் நமக்குப் பொருத்தம். சாலையில் 30-ஆவது கிலோமீட்டரில் மயக்கம் வந்தால் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. மைதானத்தில் சில நிமிடத்துக்கு ஒரு தடவை நம்மை அறிந்த கண் ஒன்று பார்க்கிறது. தண்ணீர், நிழல், கழிவறை எல்லாம் கூப்பிடு தூரம். கடைசியாக வந்தவர் என்று ஒருவர் இல்லை. முதலில் ஓடுகிற இளைஞனும் கடைசியில் நடக்கிற கிழவனும் தோளோடு தோள் உரசித்தான் போகிறார்கள்.

ஆனால் இதிலும் ஒரு ஆபத்து உண்டு. அது சீட்டாட்டம் மாதிரி. "இன்னும் ஒரே ஒரு சுற்றுதானே" என்று மனசு இழுக்கும். 400 மீட்டர் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. அப்படியே ஒவ்வொன்றாகப் போய்த்தான் நான் ஃபர்னஸ் வரைக்கும் போனேன். உட்கார அனுமதி இருந்தால் மட்டும் போதாது, உட்காரவும் தெரிய வேண்டும்.

மன உறுதி பெரிதில்லையா என்று கேட்பார்கள். பெரிதுதான். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனை யார் மறக்க முடியும்? 1971-இல் பாக் நீரிணையை நீந்திப் போய்த் திரும்பி வந்த மனிதர். 1979 மே மாத வெக்கையில் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணி நேரத்துக்கும் மேல் சைக்கிள் ஓட்டி கின்னஸில் இடம் பிடித்தார். 1984-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர் நீத்தார். அவரைக் கும்பிடுகிறேன். ஆனால் அது லட்சத்தில் ஒருவருக்கான பாதை. பேரனை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட வேண்டிய கடமை உள்ள எனக்கு அது பாதையில்லை.

எங்கள் ஃபவுண்டரி ஃபோர்மேன் அதிகம் படித்தவர் இல்லை. உலோகம் ஊற்றுகிற நாளில் பதினொரு மணிக்கு எல்லாருக்கும் உப்பு மோர் கொடுப்பார். நடுநடுவே ஒவ்வொருவரிடமும் போய் ஏதாவது கேள்வி கேட்பார். "உன் பையன் எத்தனாவது படிக்கிறான்?" பதில் தாமதமாக வந்தாலோ எரிச்சலாக வந்தாலோ கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விடுவார். சம்பளம் பிடிக்க மாட்டார். உஷ்ணம் முதலில் அடிப்பது புத்தியை என்பது அவருக்குத் தெரியும். புத்தி கெட்டவனுக்குத் தன் புத்தி கெட்டது தெரியாது, அடுத்தவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். என் மனைவி அன்றைக்குச் செய்ததும் அந்த ஃபோர்மேன் வேலையைத்தான்.

ஆகவே, ஓட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிப்ரவரி முடிந்துவிட்டால் பகலில் நடத்தாதீர்கள். சாயங்காலம் ஆரம்பித்து விடியலில் முடியுங்கள். விளக்கு இல்லாத மைதானம் என்றால் டிசம்பர் வரை காத்திருங்கள். மெடல் கொஞ்சம் சின்னதாக இருக்கட்டும், ஐஸ் பெட்டி பெரிதாக இருக்கட்டும். வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக் கொடுத்தால் ரத்தத்தில் உப்பு குறைந்துபோகும். மோர், ஓ.ஆர்.எஸ். வையுங்கள். அறுபது தாண்டியவர் ஒவ்வொருவருக்கும் கூட ஒரு ஆள் இருந்தால்தான் அனுமதி என்று சொல்லுங்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு: வயதானால் தாகம் சரியாகத் தெரியாது, கேட்டு வாங்கிக் குடியுங்கள். நீர் பிரிகிற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்காதீர்கள். பேச்சு தடுமாறினால் ஓட்டம் அத்தோடு முடிந்தது, அன்றைக்குத் திரும்ப ஏறக் கூடாது.

எனக்கு ஆசை போகவில்லை. டாக்டர் சரி என்றால் ஜனவரியில் பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதையில் நாங்கள் ஐந்தாறு பேர் விடிகாலை நான்கு மணி நேரம் சுற்றுவதாக இருக்கிறோம். பணம் இல்லை, மெடல் இல்லை. முடிந்ததும் டிபன் உண்டு. ஒரே ஒரு விதிதான், கூட ஒரு ஆளை அழைத்து வர வேண்டும். என் ஆள் நாற்காலியோடு வந்துவிடுவாள். என்ன கேள்வி கேட்பது என்று இப்போதே யோசித்து வைத்திருக்கிறாளாம்.