தலைவரை அளக்கும் தண்ணீர்

கொள்கையால் மாறுபட்டவரிடத்தும் தகுதி கண்டவழி அதனை ஒப்புக்கொள்ளுதல் தமிழர்க்கு இழுக்கன்று, பெருமையே. தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் 23.7.1925-இல் மறைந்த சுப்பிரமணிய சிவா, அவ்வூரில் பாரதத் தாய்க்குக் கோயில் எழுப்பக் கனவு கண்டவர். அக்கனவு தனித்தமிழன்பர்தம் கனவன்று. ஆயினும், 'ஞானபாநு' இதழில் வடசொல் கலவாத தமிழ்க் கட்டுரைக்கு 1915-இலேயே பரிசு அறிவித்தவர் அவர் என்பதை அவ்வன்பர் மறந்ததில்லை. அதே நேர்மையொடு எடைபோடத் தக்க இன்னொருவர், சென்னை மாநகர்த் தலைவராயிருந்த சத்தியமூர்த்தி.

1887-இல் புதுக்கோட்டையை அடுத்த திருமயத்திற் பிறந்தவர், வழக்குரைஞர், பேராயக் கட்சியின் (காங்கிரசின்) சார்பில் சென்னைச் சட்டமன்றத்திலும் தில்லி நடுவண் மன்றத்திலும் ஆங்கில ஆட்சியைத் தம் நாவன்மையால் கலக்கியவர், காமராசரை அரசியலில் வளர்த்து விட்டவர். தமிழுணர்வாளர் அவரை எதிர்த்தமைக்கும் போதிய ஏதுக்கள் உண்டு. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் இழிவழக்கை ஒழிக்க முத்துலட்சுமி அம்மையார் முயன்றபோது, அதனை மறுத்து நின்றார். 1938-இல் பள்ளிகளில் இந்தி திணிக்கப்பட்டபோது, திணித்த கட்சியிலேயே இருந்தார். இவை மறைக்கத் தக்கனவல்ல, மறக்கத் தக்கனவுமல்ல.

ஆனால், 1939-இல் அவர் ஏற்ற மாநகர்த் தலைமையை எதனைக் கொண்டு அளப்பது? சென்னை மாநகராட்சி 1688-இல் ஆங்கிலக் கும்பினியார் அமைத்தது. மேயர் என்னும் ஆங்கிலப் பெயர் இடையில் வழக்கொழிந்து, 1933-இல் மீண்டும் வந்தது. அந்நாளில் அப்பொறுப்பின் காலம் ஓராண்டே. தலைவர்க்குச் சங்கிலியும் மேலங்கியும் உண்டு. பெருந்திட்டம் ஒன்றனைத் தாமே நிறைவேற்றும் ஆட்சியுரிமை இல்லை. திறப்பு விழாக்களிலும் வரவேற்பு விருந்துகளிலும் ஓராண்டை ஓட்டிவிட்டு, படத்தைச் சுவரில் மாட்டிச் செல்லுதல் எளிது.

சத்தியமூர்த்தி அவ்வாறு செய்யவில்லை. செங்குன்றத்து ஏரி நீர் பெருகிவரும் சென்னைக்குப் போதாமையைக் கண்டார். மாநகருக்கு வடமேற்கே கொற்றலையாற்றின் குறுக்கே பூண்டியில் அணை கட்டி, வெள்ளநீரைத் தேக்குவதற்கான திட்டத்தைக் கையில் எடுத்தார். காலமோ உலகப் போர்க்காலம். அவர் கட்சியின் அமைச்சரவை 1939-இல் பொறுப்பு விலகியிருந்தது; ஆட்சி ஆங்கில ஆளுநர் கையில் இருந்தது. எந்த ஆட்சியை மேடைதோறும் சாடினாரோ, அதே ஆட்சியின் இசைவைப் பெற்றாக வேண்டும். விடாது முயன்று பெற்றார். 1940-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏறத்தாழ 65 இலக்கம் உரூபாச் செலவில் 1944-இல் அணை நிறைந்தது.

அந்நீரை அவர் பார்க்கவில்லை. 1942-இல் சிறைப்பட்டு, அமராவதிச் சிறைக்குக் கொண்டு செல்லப்படுகையில் முதுகெலும்பு ஊறுபட்டு, 28.3.1943-இல் சென்னை மருத்துவமனையில் உயிர் நீத்தார். தாம் பருகாத நீருக்குத் தாம் உழைத்தார். பின்னாளில் உயர்த்திக் கட்டப்பெற்ற அவ்வணை, 323 கோடி கன அடிக்கு மேல் நீர்கொள்ளும். இதற்கு மக்கள் கொடுத்த விலையும் உண்டு: சுந்தரர் பாடிய திருவெண்பாக்கத்துக் கோயிலிடம் நீருள் மூழ்க, கோயிலை வேறிடத்தில் எழுப்ப நேர்ந்தது. அணைக்கு அவர் பெயரைச் சூட்டியது முறையே. 'சாகரம்' என்னும் வடசொல்லை அதனொடு ஒட்டியதுதான் முறையன்று. ஏரி, தேக்கம், அணை என நீர்நிலைக்குச் சொல் வளம் கொழிக்கும் மொழியில், நீருக்குமா கடன்சொல்?

இவ்வளவுகோல் ஒரு கட்சிக்கு உரியதன்று. சத்தியமூர்த்தியின் நெறிக்கு நேர்மாறான நெறியில் நின்ற பெரியாரும், முதல் உலகப் போரின் இறுதியில் ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்து, அந்நகர்க்குக் குழாய்வழிக் காவிரி நீர் கிடைக்க வழிசெய்தவரே. கொள்கையில் இரு துருவங்களாக நின்றவர் இருவரும் நகர்த்தலைமையின் முதற்கடனை ஒன்றாகவே உணர்ந்தனர்.

இனிப் பாப்பாரப்பட்டிப் பக்கம் நோக்குக. பென்னாகரம் வட்டத்தின் மேற்கெல்லையில், ஒகேனக்கல்லில், காவிரி ஆர்ப்பரித்து வீழ்கிறது. அதே மாவட்டத்து மக்களோ தலைமுறை தலைமுறையாக ஆழ்கிணற்று நீரைக் குடித்தனர். பாறையினின்று கரைந்து அந்நீரிற் சேரும் புளோரைடு, பிள்ளைகளின் பல்லைக் கறையாக்கியது. பெரியோரின் எலும்பை வளைத்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2008-இல். அவ்வாண்டே கருநாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. கன்னட வெறியர்க்கு அஞ்சித் தமிழரின் குடிநீர் தள்ளிப்போடப்பட்டது. சப்பானியக் கடனுதவியொடு, ஏறத்தாழ 1,928 கோடி உரூபாச் செலவில், 2013-இல்தான் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. ஆறு பக்கத்தே, நீர் தொலைவிலே!

இவ்விடைவெளியில் ஊராட்சி, பேரூராட்சித் தலைவர்தம் குரல் எங்கே போயிற்று? குரல் எழுப்ப அவர்களை இருக்கவிட்டால் அன்றோ! சென்னை மாநகராட்சிக்கே 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. உள்ளாட்சிக்கு அரசியற் சட்டக் காப்பு வந்த பின்னும், 2016 முதல் 2022 வரை தமிழகத்தின் எல்லா நகரங்களும் பேரூர்களும் அலுவலர் ஆட்சியிலேயே கிடந்தன. தில்லி தமிழகத்தின் உரிமையைப் பறிக்கிறது என்று முழங்கும் ஆட்சியாளர், தம் பிடியிலுள்ள ஊர்களின் உரிமையைத் தாமே பறித்து வைத்திருந்தனர். தன்னாட்சி என்பது கோட்டையோடு நின்றுவிடும் பொருளன்று. ஊர்த் தெருவின் குழாயடி வரை அது வந்து சேர வேண்டும்.

ஆகலின், தமிழன்பர் செய்ய வேண்டியது யாது? ஊர் மன்றத் தேர்தலைச் சாதிக்கும் காசுக்கும் விற்றுவிடாதிருத்தல். வென்றவரிடம் வளைவும் சிலையும் கேளாது, குடிநீர்க் கணக்கைக் கேட்டல்: தெருவுக்கு எத்தனை நாளுக்கொரு முறை நீர் வருகிறது? அந்நீர் ஆய்ந்து பார்க்கப்பட்டதா? ஏரியும் குளமும் எவர் கையில் உள்ளன? இவ்வினாக்களுக்கு விடை சொல்லத் தெரியாதவர் எக்கட்சியினராயினும், எத்துணை இனிய தமிழ் பேசினும், தலைமைக்குத் தகார். விடை தேடி உழைப்பவர் மாற்றாராயினும், அவ்வுழைப்பைத் தமிழர் போற்றுக. தலைவர்தம் பெயரைக் கல்வெட்டுத் தாங்குவதினும் குடிநீர் நெடிது தாங்கும்.