ஏணியின் முதல் படி தங்கவயலில் இருக்க வேண்டும்

கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் பெங்களூரு ரயிலில் தினக்கூலிக்கும் கம்பெனி வேலைக்கும் போகிறவர்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். அவர்களுக்கு நடுவே தோள்பையில் பூட்ஸைத் திணித்துக்கொண்டு நிற்கும் பையன்களும் உண்டு. தங்கவயல் மண்ணில் பந்து பழகி, நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூரு கிளப்புக்கு ஆடப் போகிறவர்கள். அவர்கள் அடிக்கிற கோலால் அந்த கிளப் மேல் டிவிஷனுக்கு ஏறினால் இங்கே அவர்கள் வீட்டுத் திண்ணையிலும் சந்தோஷம்தான். ஆனால் ஏறுவது வேறு ஊரின் பெயர். “நம்ம ஊரு டீம் எப்பண்ணா மேல போகும்?” என்று கேட்கும் சிறுவனுக்குச் சொல்ல நம்மிடம் பதில் இல்லை.

பதில் இருக்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. தங்கவயலின் பெயரைத் தாங்கிய ஓர் அணி, தங்கவயல் மைதானத்தில் ஆடி, வெற்றியை மட்டுமே கட்டணமாகக் கொடுத்து மேலே ஏறும் வழி திறக்கப்பட வேண்டும். அதைத் திறக்க வேண்டியவர்கள் மாநிலக் கால்பந்து சங்கமும் அரசும்.

இந்தியக் கால்பந்தின் ஏணி காகிதத்தில் முழுமையாகவே இருக்கிறது. மாநில லீக்கில் சிறந்து விளங்கும் அணி ஐ-லீக் 3க்குப் போகலாம். அங்கிருந்து ஐ-லீக் 2, பிறகு ஐ-லீக், உச்சியில் இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐ.எஸ்.எல். ஆனால் கர்நாடகத்தில் மாநில லீக் என்பது நெடுங்காலமாகப் பெங்களூரு சூப்பர் டிவிஷன்தான். அதன் கீழே ஏ, பி, சி என்று டிவிஷன்கள். ஆட்டங்கள் பெரும்பாலும் அசோக்நகர் மைதானத்தைச் சுற்றியே நடக்கின்றன. குடகின் பெயரில் ஓர் அணி அந்த லீக்கில் ஆடியிருக்கிறது என்பது நம்பிக்கை தரும் செய்தி. அதுவும் சொந்த மலையை விட்டு இறங்கி வந்துதான் ஆட வேண்டியிருந்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பதினெட்டுப் பேரைப் பெங்களூருக்கு அழைத்துப்போய், சோறு போட்டு, திரும்பக் கூட்டி வரும் செலவைத் தினக்கூலிக்காரர்களின் பிள்ளைகள் எங்கிருந்து கொடுப்பார்கள்? முதல் படியே நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்தால் அதை ஏணி என்று சொல்ல முடியாது.

உச்சிப் படியின் கதை இதைவிட வேதனையானது. கோயம்புத்தூரைச் சொந்தக் களமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி 2018-19 பருவத்தில் ஐ-லீக் பட்டத்தை வென்றது. ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திய வெற்றி அது. தமிழ்நாட்டு ரசிகர்கள் கொண்டாடி முடிப்பதற்குள், அதே 2019இல் ஐ.எஸ்.எல். நாட்டின் முதல் நிலை லீக் என்று அங்கீகரிக்கப்பட்டது. பட்டம் வென்ற அணிக்கு அங்கே இடம் இல்லை, அப்போது ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழையப் பணம் கட்டி உரிமை வாங்க வேண்டியிருந்தது. வென்ற அணி இரண்டாம் நிலையாகிப்போனது. சில ஆண்டுகளில் தேசிய லீக்கிலிருந்தே மறைந்தது. ஆட்டத்தில் வென்று மேலே போகும் வழி 2023இல்தான் திறந்தது. முதலில் பஞ்சாப் அணி, 2024இல் முகமதன் ஸ்போர்ட்டிங். அந்த வழியும் பாதிதான் திறந்தது. முகமதன் 2024-25 பருவத்தில் கடைசி இடத்தில் முடித்தபோதும் கீழே இறக்கப்படவில்லை. கடைசி இடக்காரன் இறங்காத லீக்கில் கீழிருந்து ஏறுகிறவனுக்கு நிரந்தர இடம் எப்படி வரும்?

ஏறினால் தாக்குப்பிடிப்பார்களா என்று கேட்பவர்கள் உண்டு. எஸ்.சி. பெங்களூரு 2024இல் ஐ-லீக் 2 பட்டத்தை வென்று மேலே போனது, அடுத்த பருவத்திலேயே கீழே வந்தது. இதைத் தோல்வி என்று நாம் எண்ணவில்லை. ஏறவும் இறங்கவும் முடிகிற இடத்தில்தான் ரசிகனின் ஞாயிற்றுக்கிழமைக்கு அர்த்தம் இருக்கிறது. தங்கவயல் அணியும் ஏறட்டும், விழட்டும், மீண்டும் ஏறட்டும். அந்த வாய்ப்பைத்தான் கேட்கிறோம்.

சுரங்கம் மூடிய ஊரில் பந்து என்ன செய்யும் என்பதற்குப் பிரான்ஸின் வடக்கே லான்ஸ் என்ற ஊர் சாட்சி. நிலக்கரி தோண்டிய ஊர். மக்கள்தொகை முப்பதாயிரத்தைச் சற்றே தாண்டும். அங்குள்ள பொல்லேர் மைதானத்திலோ முப்பத்தெட்டாயிரம் பேர் உட்காரலாம். சுரங்க நிர்வாகத்தின் தயவில் வளர்ந்த அந்த அணியை 1969இல் நிர்வாகம் கைவிட்டது. ஊர் கைவிடவில்லை. நகராட்சி முன்வந்தது, மைதானம் பெயரளவுக்கு ஒரு பிராங்க் விலையில் நகராட்சிக்கு மாறியது. அணி மீண்டும் முதல் டிவிஷனுக்கு ஏறியது. அந்த வட்டாரத்தின் கடைசிச் சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. எட்டாண்டு கழித்து, 1998இல், லான்ஸ் பிரெஞ்சு சாம்பியன். பின்னர் இரண்டாம் டிவிஷனுக்கு விழுந்து ஐந்தாண்டு அங்கேயே கிடந்து, 2020இல் மறுபடி ஏறி, 2022-23இல் பாரிஸ் அணிக்கு ஒரே புள்ளி பின்னால் இரண்டாம் இடம் பிடித்தது. ஒவ்வோர் ஆட்டத்திலும் இரண்டாம் பாதி தொடங்கும்போது அரங்கமே சேர்ந்து ‘லே கொரோன்’ என்ற பாட்டைப் பாடும். கொரோன் என்றால் சுரங்கத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பு. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், லைன் வீடு.

நம் லைன் வீடுகளுக்கும் அந்தப் பெருமை உரியது. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி வந்த நாள் முதல் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் முப்பாட்டன்கள் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கி, 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேல் தங்கம் எடுத்துக் கொடுத்தார்கள். ஷிப்ட் முடிந்து மேலே வந்தவர்களுக்குச் சூரியனைப் பார்க்கக் கிடைத்த இடம் மைதானம். சாம்பியன் ரீப், நந்திதுர்க், மைசூர் மைன் என்று சுரங்கத்துக்குச் சுரங்கம் அணி கட்டி ஆடிய ஊர் இது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்களை நடத்திய பாரத் கோல்ட் மைன்ஸ் மூடப்பட்டபோது போனது சம்பளம் மட்டும் இல்லை. மைதானத்துக்குப் புல் வெட்டிய கை, அணிக்கு ஜெர்சி வாங்கிய கணக்கு, ஆட்டக்காரனுக்கு வேலை கொடுத்த பழக்கம் எல்லாம் ஒரே நாளில் போயின. அதன் பிறகும் இங்கே பந்து உருளுகிறது என்றால் அது மக்களின் சொந்தப் பிடிவாதம்.

குடிநீரும் வேலையும் இல்லாத ஊருக்குக் கால்பந்து லீக் அவசியமா என்று சிலர் கேட்பார்கள். குடிநீரும் வேலையும் வேண்டும். அதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நகரம், இரவு வந்து படுத்து விடியலில் ரயிலேறும் இடமாக மட்டும் சுருங்கிக்கொண்டிருக்கிறது. இங்கேயே இருந்து பெருமைப்பட ஒரு காரணம் இளைஞர்களுக்கு வேண்டும். அதை ஓர் அணி தர முடியும்.

இதைச் சொல்ல இதுவே நேரம், ஏனென்றால் நிலம் அளக்கப்படுகிறது. சுரங்கக் கழிவு குவிந்த 13 சயனைட் மேடுகளில் கிடக்கும் 3.3 கோடி டன் மண்ணிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்க, 1,003 ஏக்கருக்கு மாநில அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. மீதி நிலத்தில் தொழிற்பேட்டை அமைக்கும் பேச்சும் நடக்கிறது. தொழில் வரட்டும், வரவேற்கிறோம். ஆனால் வரைபடத்தில் கோடு போடும்போது மைதானங்களுக்கும் கோடு போட வேண்டும். பழைய சுரங்க மைதானங்கள் விளையாட்டுக்கு மட்டும் என்று எழுதி, பெயரளவு விலையில் நகரசபைக்கு மாற்றித் தரப்பட வேண்டும். லான்ஸுக்கு ஒரு பிராங்க் போதுமானதாக இருந்தது. தங்கம் எடுத்துக் கொடுத்த ஊரிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை.

கர்நாடக மாநிலக் கால்பந்து சங்கத்துக்கும் நம் கோரிக்கை தெளிவானது. கோலார் மாவட்ட லீக்கை ஆண்டுதோறும் தவறாமல் நடத்துங்கள். அதில் வெல்லும் அணிக்குக் கீழ் டிவிஷனில் ஓர் இடத்துக்காகத் தகுதி ஆட்டம் கொடுங்கள். அந்த அணியின் ஆட்டங்களில் பாதியைத் தங்கவயலிலேயே வையுங்கள். எதிரணி ஒரு நாள் ரயிலேறி மாரிகுப்பம் வரட்டும்.