ராக்கெட்டு பறந்தது கணக்கினாலா? கற்பூரத்தினாலா?

காப்பிக் கடையிலும், ரயில் வண்டியிலும், க்ஷவரக் கடையிலும் நம் ஜனங்கள் பேசிக் கொள்ளுவதைக் கவனித்தால், விஞ்ஞானத்தைப் பற்றியும், அன்னிய தேசங்களைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லாத ஆளே இல்லை எனலாம். பேசுவது நல்லதுதான். ஆனால் பேச்சு போய் முடிகின்ற இடந்தான் வெட்கக் கேடாய் இருக்கின்றது. "சந்திரனில் நாம் இறங்கி விட்டோம்" என்று ஆரம்பித்து, "எல்லாம் ஏழுமலையான் கிருபை" என்றும், "இதெல்லாம் நம் வேதத்திலேயே இருக்கின்றது" என்றும், "பக்கத்து தேசத்தானால் ஆகுமா?" என்றும் முடித்து விட்டு எழுந்து போகின்றார்கள். இம்மூன்றும் எவ்வளவு யோக்கியதை உள்ள பேச்சு என்று பார்ப்போம்.

முதலாவது, கிருபை. 2019-ம் வருஷம் ஜூலை மாதம் சந்திரயான்-2 புறப்படுமுன் இஸ்ரோ தலைவரே திருப்பதிக்குப் போய்க் கும்பிட்டு வந்தார். 2023-ம் வருஷம் ஜூலை 13-ந் தேதி, சந்திரயான்-3 புறப்படுவதற்கு முதல் நாள், அதன் சிறு பொம்மை ஒன்றை எடுத்துக் கொண்டு இஸ்ரோ விஞ்ஞானிகள் சிலர் அதே திருப்பதிக்குப் போனார்கள். மலை ஒன்று, சாமி ஒன்று, கும்பிடும் ஒன்று. ஆனால் 2019 செப்டம்பர் 7-ந் தேதி முதல் கலம் சந்திரன் தரையில் மோதி நொறுங்கிற்று. 2023 ஆகஸ்டு 23-ந் தேதி அடுத்த கலம் பத்திரமாய் இறங்கிற்று. கிருபைதான் காரணமென்றால் முதல் தடவை அந்தக் கிருபை எங்கே போயிற்று? உண்டியலில் பணம் குறைந்து போயிற்றா?

இடையில் மாறினது என்ன? எஞ்சின்கள் வேண்டியதற்கு மேல் வேகம் கொடுத்ததையும், கலம் திரும்ப வேண்டிய அளவுக்குத் திரும்ப முடியாதபடி கணக்கு எழுதப்பட்டிருந்ததையும், இறங்கக் குறித்த இடம் 500 மீட்டர் சதுரமாய் மிகவும் சிறுத்திருந்ததையும் கண்டுபிடித்தார்கள். பிறகு இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக அகலப்படுத்தினார்கள். ஐந்து எஞ்சினை நான்காக்கினார்கள். காலைப் பலப்படுத்தினார்கள். எண்ணெயைக் கூட்டினார்கள். தப்பை ஒப்புக் கொண்டு தேடித் திருத்தினார்கள், கலம் இறங்கிற்று. இதற்குப் பெயர் பகுத்தறிவு. கற்பூரத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கின்றோம்.

அன்னிய தேசத்தைப் பாருங்கள். கடவுள் இல்லையென்ற சோவியத் ருஷியா 1966 பிப்ரவரியிலேயே லூனா-9 என்னும் கலத்தைச் சந்திரனில் மெதுவாய் இறக்கிற்று. இன்று அதே ருஷியாவில் மனிதர் ஏறிப் போகும் ராக்கெட்டின் மேல் பாதிரியார் தீர்த்தம் தெளிக்கின்றார். 2023 ஆகஸ்டு 19-ந் தேதி ருஷியாவின் லூனா-25 விழுந்து நொறுங்கிற்று. பாதிரியாரால் விழுந்தது என்று நாம் சொல்ல மாட்டோம். அப்படிச் சொன்னால் அதுவும் மூடநம்பிக்கையே ஆகும். 84 விநாடி எரிய வேண்டிய எஞ்சின் 127 விநாடி எரிந்தது; ஆகவே விழுந்தது. சங்கதி அவ்வளவுதான்.

இரண்டாவது, எல்லாம் வேதத்திலும் புராணத்திலும் இருக்கின்றதாம்! புராணத்தில் இருப்பது என்ன? சந்திரன் தட்சனுடைய 27 பெண்களைக் கட்டிக் கொண்டு, மாமனார் சாபத்தால் தேய்கின்றான் என்பது. நம் கலம் போய்ப் பார்த்ததில் மாமனாரும் இல்லை, மருமகனும் இல்லை. கல்லும் மண்ணும் கந்தகமும் இருந்தன. கிரகணம் நிழலால் உண்டாவது என்று ஆரியபட்டர் 499-ம் வருஷமே எழுதி வைத்தார். பழைய புஸ்தகத்தில் எல்லாம் இருக்கின்றது என்பவர்கள் அந்தப் பழைய புஸ்தகத்தையாவது ஒப்புக் கொண்டார்களா? சந்திரனில் இறங்கி இரண்டு மாதம் கழித்து, 2023 அக்டோபர் 28-ந் தேதி இரவு, சந்திர கிரகணமென்று அதே திருப்பதிக் கோவிலைச் சாத்தி விட்டார்கள். ராக்கெட்டுக்கு அனுக்கிரகம் செய்த சாமி நிழலுக்குப் பயந்து கதவைச் சாத்திக் கொள்ளுமா? அன்று நம் வீடுகளில் கர்ப்ப ஸ்திரீயைச் சோறு தண்ணீர் இல்லாமல் அறைக்குள் அடைத்து வைத்தவர்களில் எத்தனை பேர், இரண்டு மாதத்துக்கு முன் கைப்பேசியில் அக்கலம் இறங்கினதைப் பார்த்துக் கை தட்டினவர்கள்?

மூன்றாவது, பக்கத்து தேசத்தான் பேச்சு. அவன் எக்கேடு கெட்டால் உனக்கு என்ன லாபம்? சாக்கடைக் குழிக்குள் மனிதனை இறக்கக் கூடாதென்று 2013-ல் சட்டம் செய்தும், இன்னும் நம் தேசத்தில் மனிதன் இறங்கி விஷ வாயுவில் சாகின்றான். சந்திரனுக்கு யந்திரத்தை அனுப்பத் தெரிந்த தேசத்துக்கு, தெருச் சாக்கடைக்கு ஒரு யந்திரத்தை அனுப்ப ஏன் மனம் வரவில்லை? இதைக் காப்பிக் கடையில் எவராவது பேசுகின்றார்களா?

இவையெல்லாம் வெறும் வம்புப் பேச்சுத்தானே என்று விட்டு விடுவதற்கில்லை. ஏனெனில் இப்பேச்சினால் உழைத்தவனுடைய கூலி திருடப்படுகின்றது. சந்திரயான்-3-க்குத் தலைமை வகித்த வீரமுத்துவேல் விழுப்புரத்து ரயில்வே தொழிலாளியின் மகன். சந்திரன் மண்ணைப் போலச் செய்து பரீக்ஷை பார்க்கப் போன மண் நம் நாமக்கல் ஜில்லாவின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்துக் கல். சூத்திரன் வேதத்தைக் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று கௌதமர் தர்ம சூத்திரம் எழுதி வைத்த தேசத்தில், தொழிலாளி பிள்ளை படித்துச் சந்திரனைத் தொட்டான். தொட்ட மூன்று நாளிலேயே அவ்விடத்துக்குச் "சிவசக்தி" என்று பெயர் வைத்தாகி விட்டது. உழைப்பு நம்முடையது, வரி நம்முடையது. பெயரும் தக்ஷணையும் மட்டும் சாமிக்கும் பூசாரிக்குமா?

ஆகவே தோழர்களே! இனி எவனாவது "சாமி கிருபை" என்று சொன்னால் கோபிக்க வேண்டாம், "2019-ல் சாமி எங்கே போயிருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். அடுத்த கிரகணத்தன்று உங்கள் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் மொட்டை மாடிக்கு அழைத்துப் போய் அந்த நிழலைக் காட்டுங்கள். அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். மலைக்குக் கொண்டு போகும் பணத்தில் அவனுக்கு ஒரு கணக்குப் புஸ்தகம் வாங்கிக் கொடுங்கள்.