பெரணி மேல பழி போடாதீங்க!



ஆய்வகத்து வராண்டாவில் இருக்கும் ஆறு பெரணித் தொட்டிகளைப் பார்த்தீர்களா? போன வருஷம் பச்சைப் பசேல்னு இருந்தவை இப்போது மஞ்சளாகி நிற்கின்றன. "நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் வராது, தூக்கிப் போட்டுட்டு குரோட்டன்ஸ் வைக்கலாம்" என்று பேச்சு அடிபடுகிறது. எனக்கு இதில் சம்மதம் இல்லை.

வராண்டாவில் நாள் முழுக்க நிழல். தண்ணீரும் தினமும் ஊற்றுகிறோம். அப்புறம் எப்படி வெயிலைக் குறை சொல்வது? இலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். புதுசாக வந்த இலைகளில் நரம்பு மட்டும் பச்சை, இடையில் எல்லாம் மஞ்சள். இது இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம்.

மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. ஆனால் மண்ணின் பி.எச். அளவு 7-ஐத் தாண்டிக் காரமானால், இரும்பு தண்ணீரில் கரையாது. வேரால் உறிஞ்ச முடியாது. சோறு இருக்கு, சாப்பிடத்தான் வழியில்லை! நம் தொட்டியில் உள்ள நெஃப்ரோலெப்பிஸ் போன்ற காட்டுப் பெரணிகள் பலவற்றுக்கு 5.5 முதல் 6.5 வரையிலான லேசான அமில மண்தான் பிடிக்கும். தொட்டி மண்ணை வாலைவடிநீரில் கலந்து பி.எச். தாளை நனைத்துப் பார்த்தோம். 8 காட்டியது! ஒரு எண் கூடினால் அமிலத்தன்மை பத்தில் ஒரு பங்காகக் குறையும் என்று படித்திருக்கிறோமே. 6-க்கும் 8-க்கும் நூறு மடங்கு வித்தியாசம்.

காரம் எங்கிருந்து வந்தது? நாம்தான் காரணம். போர்வெல் உப்புத் தண்ணீரை ஊற்றினோம். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதுவே சாட்சி. விளையாட்டு விழாவுக்குக் கோடு போட்டு மிஞ்சிய சுண்ணாம்புத் தூளையும் "எறும்பு வராது"ன்னு தொட்டியில் தூவினோம்.

அதுக்காகச் சுண்ணாம்பு எல்லாப் பெரணிக்கும் எதிரி என்று முடிவு கட்டாதீர்கள். பழைய கிணறுகளின் சுண்ணாம்புக் காரைச் சந்துகளில் கருப்புக் காம்போடு அடியாண்டம் அழகாக வளர்கிறதே! ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு மண்.

எலுமிச்சைச் சாறு பிழிந்து அவசர வைத்தியம் பார்ப்பதும் தப்பு. 5-க்குக் கீழே மிகவும் இறங்கினால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேரைக் கெடுக்கும்.

என் யோசனை இதுதான்: பழைய மண்ணை மாற்றி, செம்மண்ணும் இலைமட்கும் கழுவிய தேங்காய் நார்க்கழிவும் கலந்து நிரப்புவோம். மாடியிலிருந்து வரும் மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்து ஊற்றுவோம். மாதம் ஒரு முறை பி.எச். பார்த்துக் கரும்பலகையில் எழுதுவோம். மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள். அப்பவும் தேறவில்லை என்றால் குரோட்டன்ஸ் வைக்க நானே குழி தோண்டுகிறேன்!

மண்ணைக் கேட்காமல் செடிக்குத் தண்டனை கொடுக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.

— பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி