வாசிக்கும் கரமே துடைக்கட்டும்



நம் வீடுகள் பலவற்றில் பிள்ளை கீபோர்டு வாசிக்கிறது. தாய் அதைத் துடைக்கிறார். இம்முறை மாற வேண்டும். ஆலயத்தில் பாடினவர்களும் லேவியர். பணிமுட்டுகளைக் கணக்குப் பார்த்துக் காத்தவர்களும் லேவியரே என்று 1 நாளாகமம் 9ஆம் அதிகாரம் காட்டுகிறது. இரண்டும் ஒரே ஊழியம்.

ஆகவே சனிக்கிழமைதோறும் பிள்ளையே மின் இணைப்பைத் துண்டித்து, மென்துணியை நீரில் நனைத்து இறுகப் பிழிந்து, ஒவ்வொரு கட்டையாகத் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்கட்டும். எந்தத் திரவத்தையும் நேரடியாகத் தெளிக்கலாகாது. உள்ளே இறங்கினால் மின்தொடர்புகள் பழுதாகும். தின்னர் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

வாசிப்புக்குப் பாராட்டு கிடைக்கும், துடைப்பதற்குக் கிடைக்காது. அதனாலேயே அவ்வேலை பிள்ளைக்கு அவசியம். மனிதர் காணாத ஊழியத்தையும் கர்த்தர் காண்கிறார் என்பதை அது கற்பிக்கும். கர்த்தர் உங்கள் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.